அத்தை சொன்னதில் நான் வெட்டியது

ஜூலை 8, செவ்வாய்

கல்லூரியில் இந்தப் பருவத்துக்கான பெரிய வேலையைச் சார் இன்று கொடுத்துவிட்டார். சொந்தக்காரர் ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும். அவர் வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட ஒரு அனுபவம். குரல் மட்டும், படம் கூடாது. பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

“வீட்டுக்குள்ளயே இருக்கிறவங்களத்தான் நாம எதுவுமே கேக்க மாட்டோம்” என்றார். வகுப்பே தலையாட்டியது. நான் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினேன்.

பக்கத்தில் உட்காருகிறவளுக்கு ஒரு மாமா இருக்கிறார், நடுக்கடலில் படகு கவிழ்ந்து பிழைத்தவர். கொடுத்து வைத்தவள். எங்கள் வீட்டில் யாருடைய வாழ்க்கையும் புரண்டுகூடப் படுத்ததில்லை.

ஜூலை 10, வியாழன்

அப்பாவைக் கேட்டேன். லிஃப்ட் மெக்கானிக்கிடம் வேறு என்ன பதில் வரும்? “என்னம்மா பெரிய வாழ்க்கை. மேல போறது, கீழ வர்றது.” சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அம்மா மருந்துக் கடையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “உன்னைப் பெத்ததுதான். அதுல இருந்து எதுவும் முன்ன மாதிரி இல்ல” என்றாள்.

இரண்டையும் சேர்த்தாலும் ஒரு நிமிடம் தேறாது.

அப்பா குளிக்கப் போனதும் அம்மா குரலைத் தாழ்த்தினாள். “உங்க அத்தையக் கேளேன். கால் விஷயம்.” பிறகு குளியலறைக் கதவைப் பார்த்தபடி, “அப்பாவுக்குத் தெரிய வேணாம்.”

கால் விஷயம். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். அத்தை அப்பாவின் தங்கை. பதினெட்டு வயதில் பெரிய ஓட்டக்காரி. அப்பா பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போனபோது விழுந்தாள். வலது முட்டி போயிற்று, ஓட்டமும் போயிற்று. அன்றிலிருந்து அப்பா பைக்கைத் தொட்டதில்லை. மழையோ வெயிலோ, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்தான். எனக்கு இவ்வளவுதான் தெரியும். இதற்கு மேல் யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் முழுக்க அத்தை வீட்டில். இன்னும் காதில் அவள் குரல்தான்.

மேசையில் போனை வைத்ததும் முதலில் கேட்டாள், “இதுல என் பல் தெரியுமா?”

குரல் மட்டும்தான் என்றேன்.

“அப்ப சரி. ஊர்ல பாதிப் பேர் நான் செஞ்ச பல்லாலதான் சிரிக்கிறாங்க. என் பல்லப் பார்த்தா ஆர்டர் குறைஞ்சிடும்.”

அத்தைக்குப் பல்செட் செய்கிற லேபில் வேலை. விரல் இடுக்கில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். நகத்தைச் சுரண்டிக்கொண்டேதான் பேசுவாள்.

சமையலறைக் குழாய் புதிதாகப் பளபளத்தது. அப்பா நேற்று வந்திருந்தார். சனிக்கிழமை தவறாமல் வருவார், காய்கறியும் ஸ்பானருமாக. “போன மாசமும் அதே குழாயத்தான் மாத்தினான். உங்கப்பா ரிப்பேர் பண்றதுக்குன்னே நான் எதையாவது கெடுத்து வைக்க வேண்டியிருக்கு.”

பிறகு அந்த நாளைச் சொன்னாள். விடியுமுன்பே மைதானத்துக்குக் கிளம்பியது. அடுத்த வாரம் பெரிய போட்டி. நண்பனிடம் கேட்டு வாங்கிய பைக். “அண்ணன்தான் ஓட்டினான். மெதுவாத்தான் போனான் பாவம். எருமை நம்மள முந்திட்டுப் போகுதுண்ணான்னு நான்கூடக் கிண்டல் பண்ணினேன். வளைவுல யாரோ மணல் கொட்டி வெச்சிருந்தாங்க. அவ்வளவுதான்.”

அடுத்து அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

“ஆஸ்பத்திரில மறுநாள் கண்ணு முழிச்சேன். ஜன்னல்ல நல்லா வெயில் ஏறியிருந்துச்சு. அவ்வளவு வெயில் வர்ற வரைக்கும் நான் தூங்கினதே இல்ல பல்லி.” (சின்ன வயதில் அவள் தோளிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்ததால் நான் பல்லி.) “யாரும் எழுப்பல. கோச்சோட விசில் சத்தம் இல்ல. காலு கட்டுப் போட்டுத் தொங்குது. உயிர் போற வலி. ஆனா மனசுக்குள்ள என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரம் நிறுத்தாமல்.

“ஓடப் பிடிக்காதா அத்தை?”

“யாரு கேட்டாங்க? நல்லா ஓடினேன். அதனால பிடிக்கும்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. நான் பாத்திரம்கூட நல்லாத்தான் கழுவுவேன்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த வயசான அம்மா ஒருத்தி இரவில் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டு வைப்பாளாம். பொழுது போகாமல் அத்தை அதைக் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். “ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சாய்வு, ஒரு தேய்மானம். இத யாரோ உக்காந்து செஞ்சிருக்காங்கன்னு தோணுச்சு. உக்காந்து! எனக்கு அந்த வேலை வேணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

இதை அப்பாவிடம் சொன்னதில்லையா என்று கேட்டேன்.

“ஒரு தடவ சொன்னேன். எனக்கு வருத்தமே இல்லண்ணா, நல்லதுதான் ஆச்சுன்னேன். என்னைச் சமாதானப்படுத்தாதேன்னு எழுந்து போயிட்டான். ரெண்டு வேளை சாப்பிடல. அதோட வாய மூடிக்கிட்டேன். நாளாக ஆக அவனே கொஞ்சம் தேறிட்டான். போன மாசம் என் நடையப் பார்த்து வாத்துன்னான், கவனிச்சியா? எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?”

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். லேப் முதலாளி வேறு ஊரில் புது லேப் திறக்கிறார், அதைப் பார்த்துக்கொள்ள அவளைக் கூப்பிடுகிறார். “போக ஆசைதான். உங்கப்பாகிட்ட இப்ப சொல்லிடாத. தன்னாலதான் போறேன்னு நினைச்சுப்பான்.”

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு தடவை முழுசாகக் கேட்டுவிட்டேன். அத்தை பேசுவது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் அழுகை எங்கே?

ஜூலை 17, வியாழன்

சாரிடம் என்ன கதை என்று மட்டும் சொன்னேன். ஓட்டக்காரி, விபத்து, அண்ணன். நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரொம்ப வலுவான விஷயம். ஒரே உணர்ச்சியில நிக்கட்டும். சிதற விட்டுடாத.”

பல்செட்டை நான் சொல்லவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? டம்ளரில் பல் என்றால் சிரித்துவிடுவார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து வெட்டு வேலை. நாள் போனதே தெரியவில்லை. எனக்கு இது வரும் போலிருக்கிறது.

அப்பாடா – எடுத்துவிட்டேன். வெயில், தூக்கம் – எடுத்துவிட்டேன். பல்செட் முழுவதும். ‘அண்ணன்தான் ஓட்டினான்’ என்பதோடு நிறுத்திவிட்டேன். எருமை வந்தால் சோகம் போய்விடுகிறது. “காலு கட்டுப் போட்டுத் தொங்குது. உயிர் போற வலி.” அதன் பிறகு ஒரு மௌனம் வேண்டியிருந்தது. அத்தை டீ குடித்த இடத்தில் கொஞ்சம் மௌனம் கிடைத்தது, அதைக் கொண்டுவந்து இங்கே வைத்தேன். கப்பைக் கீழே வைக்கும் சத்தத்தை நறுக்கிவிட்டேன். அடுத்து, வேறு ஏதோ பேச்சில் சாதாரணமாகச் சொன்ன வரி: “அதுக்கப்புறம் நான் ஓடவே இல்ல.”

முடிவாகப் போட்டுக் கேட்டபோது எனக்கே அழுகை வந்துவிட்டது.

ஒன்றுமே நான் சேர்க்கவில்லை. எல்லாம் அவள் சொன்னதுதான்.

ஜூலை 24, வியாழன்

வகுப்பில் போட்டார்கள். அந்த மௌனம் வந்ததும் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. படகு மாமாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் கைதட்டல். இருப்பதிலேயே சிறந்தது இதுதான், கல்லூரியின் இணையப் பக்கத்தில் போடலாம் என்றார் சார்.

பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜூலை 27, ஞாயிறு

அத்தை போனில், “என்னடி பல்லி, என் பேச்சு தேறிச்சா?”

இன்னும் வேலை இருக்கிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் யார் யாரோ பகிர்ந்திருக்கிறார்கள். தெரியாத ஒருவர், ‘இந்தச் சகோதரியின் வலியை நினைத்தால் தூக்கம் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறார். கீழே நிறைய அழுகிற முகங்கள்.

அத்தை இதையெல்லாம் பார்ப்பதில்லை. அப்பா போனில் பேசுவார், லிஃப்ட் படம் எடுப்பார், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் போய்ச் சேராது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அப்பா கேட்டுவிட்டார்.

கூட வேலை செய்கிறவர் காட்டியிருக்கிறார். ‘இது உங்க பொண்ணு குரல்தானே?’ ஏதோ அலுவலகத்து மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார். கூட இருந்தவருக்கு அந்த அண்ணன் யாரென்று தெரியாது. அப்பா முழுசாகக் கேட்டு முடித்து, போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்ச வேலையையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து பையை வைத்தார். கை கழுவினார். “அந்தப் பேட்டிய இன்னொரு தடவ போடும்மா” என்றார்.

போட்டேன். வேறென்ன செய்ய முடியும்? நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி கேட்டார். மௌனம் வந்த இடத்தில் அவர் தோள் இறங்கியது. அது டீப்பா, அத்தை டீ குடிச்சாங்கப்பா – வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

முடிந்ததும் சொன்னார், “என்கிட்ட ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்ல. ஒண்ணுமில்லண்ணா, ஒண்ணுமில்லண்ணான்னே சொல்லிட்டு இருந்தா. நானும் நம்ப ஆரம்பிச்சிட்டேன் பாரு.”

எழுந்துகொண்டே, “உன்கிட்டதான் மனசத் திறந்திருக்கா. நல்லா பண்ணியிருக்கேம்மா.”

நல்லா பண்ணியிருக்கேன். ஐயோ.

அம்மா எதுவும் கேட்காமல் அடுப்பை அணைத்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

அப்பா சாப்பிடவில்லை. தலைவலி என்று சொன்னார். என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார்.

ஆகஸ்ட் 9, சனி

அப்பா அத்தை வீட்டுக்குப் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமை அப்பா வீட்டில் இருந்து பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் – எதை எடுத்தேன், எதை எங்கே ஒட்டினேன் என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அந்த மனுஷன் இத்தனை வருஷமா கொஞ்சம் கொஞ்சமா இறக்கி வெச்சாருடி. நீ எல்லாத்தையும் ஒரே நாள்ல தூக்கித் திரும்ப அவர் தலையில வெச்சிட்ட.”

“தெரியாமப் பண்ணிட்டேன்மா.”

“கப் வைக்கிற சத்தத்த நறுக்கத் தெரிஞ்சுதுல்ல?”

ஆகஸ்ட் 11, திங்கள்

அத்தையின் லேபுக்குப் போனேன். சனிக்கிழமை ஏன் வரவில்லை என்று அவள் அப்பாவுக்கு மூன்று தடவை போன் செய்திருக்கிறாள், அவர் எடுக்கவில்லை. நான் வாசலில் நின்றதைப் பார்த்ததும் பயந்துபோய் எழுந்தாள். “அண்ணனுக்கு என்ன?”

ஒன்றுமில்லை என்று சொல்லி, போனையும் இயர்போனையும் கொடுத்தேன். சுற்றிலும் அச்சுப் பற்கள். யார் யாருடைய வாயோ மேசையில் திறந்து கிடந்தது. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். முதலில் புன்னகை. பிறகு புருவம் சுருங்கியது. பிறகு முகத்தில் எதுவுமே இல்லை.

கழற்றி மேசையில் வைத்தாள்.

“யாரு இந்தப் பொம்பள?”

நான் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

“குரல் என்னோடதுதான். ஆனா இவள எனக்குத் தெரியாதே. எவ்வளவு பாவமா இருக்கா! என்னைப் போய் இப்படி... ஊரே எனக்காக அழற மாதிரி...” அவள் பேச்சு இப்படித் திக்கி நான் கேட்டதில்லை. “நான் சிரிச்சேனே பல்லி. நீ பக்கத்துலதானே இருந்த? நீயும்தானே சிரிச்ச?”

சிரித்தேன். அது பதிவில்கூட இருக்கிறது. அதையும்தான் எடுத்தேன்.

“அண்ணன் கேட்டானா?”

தலையாட்டினேன். அத்தை ஒரு பல் அச்சைக் கையில் எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று மறந்துவிட்டவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ போ. வேலை கிடக்கு.”

நான் ஸாரி சொன்னேன். அவள் இயந்திரத்தைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் கேட்டதா தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

சாரிடம் போய் எடுத்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டார். சொன்னேன். வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். “ஒரே உணர்ச்சின்னு நான்தான் சொன்னேன், இல்ல?” என்றார். சார் மேல் பழி போட ஆசையாக இருந்தது. ஆனால் அவர் முழுப் பதிவைக் கேட்கவே இல்லை. கேட்டது நான் ஒருத்திதான்.

எடுத்துவிட்டார்கள். ஏற்கனவே போனவை போனவைதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒரே வழிதான் இருக்கிறது என்று நினைத்தேன். முழுப் பதிவு பத்திரமாக என்னிடம் இருக்கிறது. அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும். எத்தனை சுலபம்! ஏன் முதல் நாளே தோன்றவில்லை?

மதியம் அப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியதை, ஒட்டியதை, டீயை. பொறுமையாகக் கேட்டார். பிறகு பதிவைப் போட்டேன். பல், குழாய், எருமை, மணல். எருமை வந்த இடத்தில் அவர் உதடு லேசாக அசைந்தது. நினைவு வந்திருக்க வேண்டும். ‘அப்பாடா’ வந்தது. அத்தை சிரித்தாள், நானும் சிரித்தேன். டம்ளரில் பல்செட் வந்தது.

முடிந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவ நல்லவம்மா” என்றார்.

“அப்பா, அவங்க நிஜமாத்தான் சொல்றாங்க.”

“எனக்குப் போய்ச் சேரும்னு தெரிஞ்சு சொல்லியிருக்கா. அவ எப்பவும் அப்படித்தான். தனக்கு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டா.”

“அப்ப அந்தச் சின்னப் பதிவுல மட்டும் எப்படி நிஜம் சொன்னாங்க?”

“அவளையும் மீறி வந்திருக்கும். அந்த மௌனம் இருக்கே... அது பொய் சொல்லாதும்மா.”

டீ. அது டீ. சொன்னேனே, காதில் விழவில்லையா? நறுக்கிப் பொய் பண்ணினதை நம்புறார், நிஜத்தை நம்ப மாட்டேங்கிறார். நான் என்ன பண்ணுவேன்? யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்? அத்தை இத்தனை வருஷம் வாய மூடிட்டுப் பொறுமையா காத்திருந்தா, அவராத் தேறி வரட்டும்னு. நான் ஒரு கைதட்டலுக்காக–

போதும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அத்தை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டாள். அப்பா எழுந்து நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“எனக்கு நாற்காலி வேணாம். நிக்க முடியும்.”

“பாப்பா, கால்...”

“கால் கால் கால்! அதத் தவிர என்கிட்ட வேற ஒண்ணுமே இல்லையாண்ணா?”

அத்தை கத்தி நான் கேட்டதில்லை. அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நான் கதவோரத்திலேயே நின்றேன்.

“நீ ஏன் மூணு வாரமா வரல?”

“எந்த முகத்தோட வர்றது?”

“இருக்கிற முகத்தோட வா. உன் முகத்துக்காகத்தான் நான் வாழ்றேனா? வலிச்சாலும் வலிக்கலன்னு சொல்லணும், தடுக்கினாக்கூட நீ பார்க்கிறியான்னு பார்த்துக்கணும். எனக்குப் போனது ஒரு காலுதாண்ணா. நீ சுமக்கிறத நானும் சேர்த்துல்ல சுமக்கிறேன்!”

அப்பா தலை நிமிரவில்லை. “உன் வாழ்க்கைய நான்தானே கெடுத்தேன்” என்றார். அந்த ஒரு வரியைத்தான் அவர் சொல்லியிருக்கக் கூடாது.

அத்தை அவரையே பார்த்தாள். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “கெட்ட வாழ்க்கையா இது? நான் செய்யிற வேலை, என் வீடு, என் சாப்பாடு... இதெல்லாம் உனக்குக் கெட்டுப்போனதாத் தெரியுதா?”

அப்பா நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

“புது லேபுக்குக் கூப்பிட்டிருக்காங்க. வேற ஊர். உனக்காகத்தான் யோசிச்சிட்டு இருந்தேன். இனிமே யோசிக்கல. ஒண்ணே ஒண்ணு, இனி என் கால் பத்தி என்கிட்ட பேசாதே.”

போகும்போது என்னைக் கடந்துதான் போனாள். நின்று என் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். கையை மட்டும் என் தலையில் ஒரு தடவை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

மதிப்பெண் வந்தது. வகுப்பிலேயே அதிகம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

அத்தை கிளம்பிவிட்டாள். பஸ் நிலையத்துக்கு நானும் அம்மாவும் போனோம். அப்பாவும் வந்தார். பெட்டிகளை ஏற்றினார், ஜன்னல் கண்ணாடி சரியாக மூடுகிறதா என்று பார்த்தார், இருக்கையை ஆட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கால் பற்றிப் பேசாதே என்றாள். அவருக்கு வேறு எதைப் பேசுவதென்று தெரியவில்லை. இத்தனை வருடமும் மழையோ விலைவாசியோ குழாயோ, எதைப் பேசினாலும் உள்ளே அதைத்தான் பேசியிருக்கிறார் போலும்.

பஸ் நகர்ந்தபோது அத்தை எல்லோருக்கும் கை காட்டினாள். அப்பா கையைத் தூக்கினார். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் கை இறங்கவில்லை. அம்மாதான் பிடித்து இறக்கினாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

பேட்டியைத் திரும்பச் செய்தேன். யாரும் கேட்கவில்லை, மதிப்பெண்ணும் இல்லை. எருமை, வெயில், அப்பாடா, பல்செட், என் சிரிப்பு, கப் சத்தம் எல்லாவற்றோடும். அத்தைக்கு அனுப்பி, வெளியிடலாமா என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

‘போடு. இவள எனக்குத் தெரியும்’ என்று பதில் வந்தது. இரண்டு மாதத்தில் அவளிடமிருந்து எனக்கு வந்த முதல் வரி. சாப்பிடும் வரை அதைப் பத்துத் தடவை எடுத்துப் பார்த்தேன்.

கல்லூரிப் பக்கத்தில் போட்டார்கள். கேட்டவர்கள் மிகவும் குறைவு. ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: ‘முன்பு போட்டதுதான் மனதைத் தொட்டது.’

நவம்பர் 9, ஞாயிறு

அத்தை ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். அப்பா அதே அறையில்தான் இருப்பார், பேப்பரைப் பிடித்துக்கொண்டு. பக்கம் திரும்பாது. அம்மா நீட்டினால், “நீ பேசு, நீ பேசு” என்பார். அந்தப் பக்கம் அவளும் கேட்பதில்லை.

ஒரு சண்டை போட்டுக்கொண்டவர்கள் மாதிரியே இல்லை. ஒருவரையொருவர் தொட்டால் உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள். முன்பு வாரம் ஒரு குழாயாவது இருந்தது.

என்னால்தான். இதை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வருகிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

அம்மாவுக்குக் கடையில் கணக்கெடுப்பு, வரத் தாமதம். அத்தையின் போனை நான்தான் எடுத்தேன். அங்கே குளிர் அதிகமாம். லேபில் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்களாம், ஒருத்தி பல் வரிசையைத் தலைகீழாக ஒட்டிவிட்டாளாம். கேட்டுக்கொண்டிருந்தபோது அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பக்கத்தில் வந்து நின்றார்.

சுவரைப் பார்த்தபடி மெல்ல, “வீடு எப்படி இருக்குன்னு கேளு” என்றார்.

கேட்டேன். “வீடு நல்லா இருக்கு. மூணாவது மாடி. மாடியேற ஆளு துணை வேணாம், லிஃப்ட் இருக்கு, ஆனா குலுங்குது.”

அப்பாவிடம் சொன்னேன்.

“எப்படிக் குலுங்குது? ஏறும்போதா, நிக்கும்போதா?”

நிற்கும்போது என்றாள். பிரேக்கைப் பார்க்கச் சொல்லு என்றார். சொன்னேன். சாப்பாடு எப்படி, அக்கம் பக்கம் எப்படி என்று கேட்கச் சொன்னார். நான் நடுவில் நின்று கேட்டுக் கேட்டுச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே அங்கே, அவள் சொன்னதை அப்படியே இங்கே. ஒரு எழுத்து விடவில்லை.

அப்புறம் அப்பா நாற்காலிப் பக்கம் நகர்ந்தார். போதும் போலிருக்கிறது என்று நினைத்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கேட்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.

“அந்தக் குளிருக்கு... கால் வலிக்குதான்னு கேளு.”

அவள் என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

“யாரு கேக்கிறா? நீயா, அவனா?”

“அப்பா.”

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன்.

“வலிக்குதுன்னு சொல்லு” என்றாள் அத்தை. “காலையில எழுந்திரிக்கும்போது ரொம்ப வலிக்குது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாத்தான் கீழ வைக்கவே முடியுது. எல்லா வருஷமும் குளிர்ல இப்படித்தான், நான்தான் சொன்னதில்ல.” மூச்சு விட்டாள். “அப்புறம் இதையும் சொல்லு. அன்னைக்கு ஆஸ்பத்திரில தோணினதும் நிஜம்தான்.”

நான் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். வலிக்குதாம். காலையில ரொம்ப வலிக்குதாம். எல்லா வருஷமும் இப்படித்தானாம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததையும் சொன்னேன்.

அன்றைக்குப் போல ‘அவ நல்லவ’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

“ரெண்டையும் அவளேதான் சொன்னாளா?” என்று கேட்டார்.

“ஆமாப்பா. ரெண்டையும்.”

தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். நம்பினாரா, யோசித்தாரா, எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் யாரும் பேசவில்லை.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.